குண்டு பல்புக்குப் பதிலா ஹீட் பிளேட்: 25 சிறுவிடைக் குஞ்சுக்கு எப்படி வைக்கணும்?

கோத்தகிரிக்கூண்டு

வணக்கம். பொரிச்சு ஒரு நாள் ஆன சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) குஞ்சு 25 வருது. இடம் கோத்தகிரி, வீட்டை ஒட்டின அறை. மார்கழி ராத்திரியில் அறைக்குள்ளேயே 12, 13 டிகிரிக்கு இறங்கிடும். குண்டு பல்பு கடையில் கிடைக்கிறதே அரிதாகிப்போச்சு, எல்இடி பல்பில் சூடு வராது. அதனால் ஹீட் பிளேட் வாங்கியாச்சு. 30க்கு 30 செ.மீ., 22 வாட், நாலு காலையும் தனித்தனியா ஏத்தி இறக்கலாம்.

மூணு கேள்வி. பிளேட் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கணும்? பிளேட்டுக்கு அடியில் தரையில் தெர்மாமீட்டர் வெச்சால் 27 டிகிரிதான் காட்டுது, பிளேட்டில் கோளாறா? 25 குஞ்சுக்கு இந்த அளவு போதுமா?

தாய்க்கோழி

கோளாறு இல்லை. பல்பும் பிளேட்டும் சூடு கொடுக்கிற விதமே வேற, அதைப் புரிஞ்சுக்கிட்டா மூணு கேள்விக்கும் பதில் வந்துடும்.

பல்பு மேலிருந்து கதிராகச் சூட்டை இறக்கும். கூளம், தீவனத் தட்டு, குஞ்சு எல்லாம் சேர்ந்து சூடாகும். அதனால் தரையில் தெர்மாமீட்டர் வெச்சு 33, 35 டிகிரி பார்க்கிறதில் அர்த்தம் இருக்கு. பிளேட் அப்படி இல்லை. அடிப்பரப்பு மட்டும்தான் சூடு. குஞ்சு உள்ளே நுழைஞ்சு முதுகை அதில் ஒட்டவெச்சு வாங்கிக்கும், அடைக்கோழியின் வயித்துக்கு அடியில் புகுந்துக்கிற மாதிரி. முதுகு தொடாத இடத்தில் காத்து குளிர்ச்சியாத்தான் இருக்கும். தரையில் கிடக்கிற தெர்மாமீட்டர் அந்தக் காத்தைத்தான் அளக்குது.

உயரம்: குஞ்சு நிமிர்ந்து நின்னா முதுகு பிளேட்டில் தொடணும், உட்கார்ந்தா ஒரு விரல் இடைவெளி இருக்கலாம். சிறுவிடைக்கு முதல் நாள் முன்பக்கம் 8 செ.மீ., பின்பக்கம் 6 செ.மீ. வைங்க. இந்தச் சாய்வு முக்கியம். சூடு அதிகம் வேணும்கிற குஞ்சு பின்னாடி போய் ஒட்டிக்கும், போதும்கிறது முன்னாடி வந்துடும், உயரத்தில் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கிற குஞ்சுகளுக்கும் அதுவே சரியாப்போகும். கடகநாத், பெருவிடை மாதிரி குஞ்சு கொஞ்சம் பெரிசா இருந்தா ரெண்டு பக்கமும் 1 செ.மீ. கூட்டிக்கலாம். அப்புறம் 4, 5 நாளைக்கு ஒரு தரம் 1 செ.மீ. ஏத்துங்க. குஞ்சு குனிஞ்சு நுழையுதுன்னா ஏத்த வேண்டிய நேரம் வந்தாச்சு. உள்ளே நின்னும் முதுகு எட்டலைன்னா ஏத்தினது அதிகம்.

அளவு: போதாது. கணக்குப் பாருங்க. பிளேட் 900 சதுர செ.மீ. ஒரு நாள் குஞ்சு ஒண்ணு படுக்க 7க்கு 5.5 செ.மீ., அதாவது சுமார் 40 சதுர செ.மீ. வேணும். 900ஐ 40ஆல் வகுத்தா 22 வருது. அதிலும் நாலு ஓரத்தில் சூடு கொஞ்சம் கம்மி. முதல் நாளே 25 நெருக்கம், பத்தாம் நாள் பாதிக் குஞ்சு வெளியில்தான் நிக்கும். பிளேட் வந்த பெட்டியில் போட்டிருக்கிற எண்ணிக்கை ஒரு நாள் குஞ்சுக்கானது, மூணு வாரக் குஞ்சுக்கு அதில் பாதிதான். அதே அளவில் இன்னொண்ணு வாங்கி ரெண்டையும் ஒட்டி வைங்க. நடுவில் இடைவெளி விட்டா அந்தச் சந்தில் குஞ்சு சிக்கும்.

நாமக்கல்ஷெட்

முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கணும்கிறது பொதுவான விதிங்க. ஒரு குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. 25 குஞ்சுக்கு 50 வாட் வேணும், மலைக்குன்னா இன்னும் கூட. 22 வாட் பிளேட்டில் எப்படிக் காப்பாத்த முடியும்? தெர்மாமீட்டர் 27 காட்டுறப்போ குஞ்சை விடுறது சரியில்லைங்க. தெர்மாமீட்டரை நம்பாம எதை நம்புறது?

தாய்க்கோழி

நீங்க சொல்ற விதி சரிதான், ஆனா அது பல்பு புரூடருக்கு (பல்பு வெச்சுக் குஞ்சுக்குச் சூடு கொடுக்கிற அமைப்பு). 2 வாட் கணக்கில் நிறைய காத்தையும் கூளத்தையும் சூடாக்கவே போயிடுது. பிளேட்டில் அந்தச் செலவு இல்லை, அதனால் வாட் குறைவு.

எதை நம்புறதுன்னா குஞ்சை. ரெண்டு சோதனை போதும்.

ஒண்ணு, கால். குஞ்சைக் கையில் எடுத்து அதன் பாதத்தை உங்க கன்னத்தில் வைங்க. வெதுவெதுப்பா இருந்தா சரி. சில்லுன்னு இருந்தா பிளேட் உயரமா இருக்கு, இல்லை அது பிளேட்டுக்கு அடியிலேயே போகலை.

ரெண்டு, இரைப்பை, அதாவது தின்னது முதலில் தங்குற கழுத்தடிப் பை. விட்ட முதல் நாள் ராத்திரி, விளக்கை அணைக்கிறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு குஞ்சா கழுத்தடியில் வலப்பக்கம் விரலால் தொட்டுப் பாருங்க. கஞ்சி மாதிரி மெத்துன்னு நிறைஞ்சிருந்தா தின்னும் குடிச்சும் இருக்கு. கெட்டியா இருந்தா தீவனம் மட்டும் போயிருக்கு, தண்ணி போதலை. பலூன் மாதிரி தண்ணியா இருந்தா தீவனம் போகலை. காலியா இருந்தா ரெண்டும் இல்லை, பெரும்பாலும் குளிரில் ஒடுங்கின குஞ்சு அதுதான். 24 மணி நேரத்தில் 25ல் 24க்காவது இரைப்பை நிறைஞ்சிருக்கணும். குளிருற குஞ்சு தீவனத்துக்கு வராது. அதனால் சூடு சரியான்னு இரைப்பையே சொல்லிடும்.

சத்தமும் கேளுங்க. சூடு சரியா இருந்தா பிளேட்டுக்கு அடியிலிருந்து மெல்லிசா, விட்டுவிட்டு ஒரு முனகல் வரும். கூர்மையா, நிறுத்தாம, அறைக்கு வெளியில் கேட்கிற அளவுக்குக் கீச்சினா ஏதோ சரியில்லை.

நாமக்கல்ஷெட்

இரைப்பை சோதனை ஷெட்டிலும் பண்றதுதாங்க, அது ஒத்துக்கிறேன். ஆனா 500, 1000 குஞ்சுக்கு இது ஒத்துவராதுங்க. அவ்வளவு பிளேட் வாங்குற காசுக்கு கேஸ் புரூடரே போட்டுடலாம். 50 குஞ்சு வரைக்கும்னா சரி.

இன்னொண்ணு. 12 டிகிரி அறையில் முதுகு மட்டும் சூடா இருந்து, தீவனம் தின்ன வெளியில் வர்றப்போ என்ன ஆகும்? அதுக்குப் பதில் சொல்லுங்க.

தாய்க்கோழி

நல்ல கேள்வி, மலையில் பிளேட் தோத்துப்போறதே இங்கதான். பல பிளேட்டுகளின் கையேட்டிலேயே சுத்துச் சூடு 10 டிகிரிக்குக் கீழே போகக்கூடாதுன்னு போட்டிருக்கும். 12, 13 அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கு. பிளேட்டால் அறையைச் சூடாக்க முடியாது. அதனால் அறைக்குள் ஒரு சின்ன அறை கட்டணும்.

4 அடிக்கு 3 அடி அட்டைப்பெட்டி அல்லது பிளைவுட் பெட்டி, 1½ அடி உயரம். சிமெண்ட் தரையில் நேரா வைக்காதீங்க, மலையில் ராத்திரி முழுக்கத் தரை சூட்டை உறிஞ்சும். அடியில் ஒரு அங்குல தெர்மாகோல், அதுக்கு மேல் பெட்டி. குஞ்சு தெர்மாகோலைக் கொத்தித் தின்னும், அதனால் அது பெட்டிக்கு வெளியில், அடியில்தான் இருக்கணும். உள்ளே 5 செ.மீ. உமி அல்லது மரச்சீவல். பிளேட் ஒரு ஓரத்தில், மூணு பக்கமும் மறைவா. பெட்டியின் மேல் மூணில் ரெண்டு பங்கைக் கோணிச் சாக்கால் மூடுங்க, பிளேட் இருக்கிற பக்கம் மூடி, தீவனப் பக்கம் திறந்திருக்கணும். சாக்கு பிளேட்டைத் தொடக்கூடாது. கதவிடுக்குக் காத்து நேரா பெட்டிக்குள் அடிக்காம பார்த்துக்கோங்க. இவ்வளவும் செஞ்சா பெட்டிக்குள் காத்து அறையைவிட 4, 5 டிகிரி கூடவே நிக்கும்.

மலைத்தண்ணியையும் அப்படியே வைக்காதீங்க. முதல் வாரம் வெதுவெதுப்பான தண்ணி, காலையில் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. 30 கிராம் உடம்புக்குள் ஐஸ் தண்ணி போனா அந்தச் சூட்டை மீட்க அது மறுபடி பிளேட்டுக்கு ஓடணும், தின்ன நேரம் இருக்காது.

வைகைக்கரை

மதுரைப் பக்கம் இதெல்லாம் வேணுமான்னு யோசிக்கிறவங்களுக்கு: சித்திரை, வைகாசியில் பகலில் வெளியிலேயே 37, 38 இருக்கு. அப்போ பகலில் பிளேட்டே வேண்டாம், ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரைக்கும் போட்டால் போதும், அதுவும் முதல் 10 நாள். சின்னக் கூட்டத்துக்குப் பஞ்சாரத்தைச் சாக்கால் மூடி உள்ளே உமி போட்டாலே ராத்திரி தாங்கும். வெயில் காலத்தில் குஞ்சு சாகிறது பெரும்பாலும் சூடு கம்மியாகி இல்லை, சூடு அதிகமாகித்தான். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையைத் தொங்கவிட்டு, சுவரோரம் ஒதுங்கினா உடனே அணைச்சுடுங்க.

பிளேட்டில் ஒரு நல்லது இருக்கு. பல்பு போட்டால் சூட்டிலிருந்து தப்பிக்கக் குஞ்சுக்கு இடமே இருக்காது, சின்னப் பெட்டி முழுக்க வெந்துபோகும். பிளேட்டில் வேணும்னா உள்ளே, வேண்டாம்னா வெளியே. சமவெளியில் நான் பிளேட்டை ஆதரிக்கிறது அந்த ஒரு காரணத்துக்குத்தான், கரண்ட் மிச்சத்துக்காக இல்லை.

தயவுசெஞ்சு ஒண்ணு செய்யாதீங்க: மூடின அறையில் பானையில் கரி நெருப்பு. புகை தெரியலைன்னாலும் கார்பன் மோனாக்சைடு இருக்கும். குஞ்சு மட்டும் இல்லை, பக்கத்தில் படுக்கிற ஆளும் எழுந்திருக்க மாட்டார்.

கோத்தகிரிக்கூண்டு

தெளிவா இருக்கு, நன்றி. இன்னொரு பிளேட் சொல்லியாச்சு. பிளேட்டுக்கு அடியில் இருட்டா இருக்கே, குஞ்சு தானா உள்ளே போகுமா? பல்புன்னா வெளிச்சத்தைப் பார்த்து வந்துடும்.

தாய்க்கோழி

தானா போகாது, முதல் நாள் நீங்க காட்டணும். கோழியாவது கூப்பிடும், பிளேட் கூப்பிடாது.

குஞ்சு வர்றதுக்கு 2 மணி நேரம் முன்னாடியே பிளேட்டைப் போட்டு வைங்க. ஒவ்வொரு குஞ்சையும் எடுத்து மூக்கைத் தண்ணியில் லேசா நனைச்சு, அது விழுங்கினதைப் பார்த்த பிறகு பிளேட்டுக்கு அடியில் விடுங்க. தீவனத் தட்டும் தண்ணியும் பிளேட் வாசலிலிருந்து 20, 25 செ.மீ. தூரத்துக்குள் இருக்கணும். முதல் 3 நாள் கூளத்துக்கு மேல் பழைய பருத்தித் துணி விரிச்சு, அதில் குருணையாவது ஸ்டார்ட்டர் தீவனமாவது கொஞ்சம் தூவி விடுங்க. செய்தித்தாள் வேண்டாம், வழுக்கும். ஒரு நாள் குஞ்சுக்கு வழுக்கினா கால் ரெண்டு பக்கமும் விரிஞ்சுபோய் நிக்க முடியாம ஆயிடும்.

தீவனம் கண்ணுக்குத் தெரியணும், அதனால் அறையில் சாதாரண எல்இடி ஒண்ணு பகல் முழுக்க எரியட்டும். முதல் ரெண்டு நாள் ராத்திரி 10 வரைக்கும் விடலாம். அப்புறம் ராத்திரி இருட்டுதான், குஞ்சு பிளேட்டுக்கு அடியில் தூங்கும். விடிய விடிய வெளிச்சத்தில் வளர்ற குஞ்சு ஒண்ணை ஒண்ணு கொத்துறது அதிகம், பிளேட்டில் அது குறையும்.

ஆபத்தான நேரம் முதல் ரெண்டு நாள் விளக்கை அணைக்கிற நேரம்தான். விளக்கை அணைச்சதும் குஞ்சு பிளேட்டை மறந்து பெட்டி மூலைக்கு ஓடும். ஒண்ணு மேல் ஒண்ணு ஏறும், அடியில் இருக்கிறது மூச்சு முட்டிச் சாகும். நாலு மூலையிலும் அட்டையை வளைச்சு வெச்சு மூலையே இல்லாம வட்டமாக்கிடுங்க. விளக்கை ஒரேடியா அணைக்காதீங்க. முதலில் அறை விளக்கை அணைச்சு, பக்கத்து அறை வெளிச்சம் கதவு வழியா வரட்டும். வெளியில் நிக்கிற குஞ்சைக் கையால் உள்ளே தள்ளி, கால் மணி நேரம் நின்னு பாருங்க. மூணாம் நாளிலிருந்து இருட்டினதும் அதுவே உள்ளே போய்ப் படுத்துக்கும்.

ராத்திரி குனிஞ்சு பார்த்தா எப்படி இருக்கணும்னா: விளிம்பில் நாலஞ்சு தலை மட்டும் வெளியில் நீட்டிக்கிட்டு இருக்கும், மத்ததெல்லாம் உள்ளே தட்டையாப் பரவிக் கிடக்கும். எல்லாத் தலையும் வெளியில்னா பிளேட் தாழ்வு, இல்லை சூடு அதிகம். நடுவில் ஒரே குவியலா நெருக்கினா உயரத்தைக் குறைங்க. ஒரே பக்கம் ஒதுங்கினா எதிர்ப்பக்கம் காத்து அடிக்குது.

வயர்மேன்

கரண்ட் பக்கத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன்.

ரெண்டு 22 வாட் பிளேட் சேர்த்து 44 வாட். நாள் முழுக்க எரிந்தாலும் சுமார் 1 யூனிட். 100 வாட் பல்பு ஒன்றே 2.4 யூனிட். 21 நாளுக்கு 22 யூனிட்டும் 50 யூனிட்டும்.

கரண்ட் போனால்: வீட்டு இன்வெர்ட்டரில் 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தால் 1,800 வாட்-மணி. அதில் 60 சதவீதம்தான் கணக்கில் எடுக்க வேண்டும், 1,080. பிளேட் 44, இன்வெர்ட்டர் தனக்கே தின்பது ஒரு 15, ஆக 59. மற்றதையெல்லாம் அணைத்துவிட்டால் 18 மணி நேரம் ஓடும். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸை நம்ப வேண்டாம். அதன் உள்ளே இருப்பது 7 ஆம்பியர்-மணி பேட்டரி, ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். சில பிளேட்டுகள் அடாப்டரில் 12 வோல்ட் டிசியில் ஓடும். அடாப்டர் மேல் 12 வோல்ட் டிசி என்று எழுதியிருந்தால், பிளஸ் மைனஸ் சரிபார்த்து, ஃபியூஸ் போட்டு, பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்கலாம். இன்வெர்ட்டர் இழப்பு மிச்சம். ஆனால் சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14 வோல்ட் தாண்டும், அதனால் அந்த நேரத்தில் இணைக்க வேண்டாம்.

எதுவும் இல்லையென்றால் ஒரு லிட்டர் பாட்டிலில் வெந்நீர், துணி சுற்றி, பிளேட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் ரெண்டு பாட்டில் படுக்க வையுங்கள், சாக்கால் மூடுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும்.

வயரிங்: அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூளத்தில் கிடக்கக் கூடாது, சுவரில் மாட்டுங்கள். வயர் பிளக்குக்கு நேராகச் சரிந்து இறங்காமல், நடுவில் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். தண்ணீர் வழிந்தால் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். எலி கடிக்கிற உயரத்தில் ஓடும் வயரை பிவிசி பைப்புக்குள் விடுங்கள்.

ஒத்தடம் கொடுக்கும் எலக்ட்ரிக் பேடை வளைத்துக் கம்பி வலையில் கட்டிப் பிளேட் மாதிரி செய்கிறார்கள். பெரும்பாலான பேடுகள் தானாக அணைந்துவிடும், சிலது ஒன்றரை மணி நேரத்தில். நடுராத்திரியில் அணைந்தது யாருக்கும் தெரியாது. தானாக அணையாத மாடல் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், அதுவும் தண்ணீர் படாத உறை போட்டு.

நாமக்கல்ஷெட்

வயர்மேன் சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேங்க. முதல் நாலு ராத்திரிக்குப் பெட்டிக் காத்தைத் தூக்கி நிறுத்த வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டர் பல்பு ஒண்ணு கூட மாட்டலாம். அதுக்கு பீங்கான் ஹோல்டர்தான் போடணுங்க, பிளாஸ்டிக் ஹோல்டர் உருகி பல்பு கூளத்தில் விழும். வயரில் தொங்கவிடாம சங்கிலியில் கட்டுங்க. உடையாத பல்புன்னு டெஃப்லான் பூசின பல்பும் விக்குது. அது சூடானா வர்ற ஆவி கோழி இனத்துக்கு விஷம், கூட்டத்தோட சாகடிச்சிடும், மாட்டவே வேண்டாங்க.

காடைக்கூடு

காடைக்குஞ்சுக்கு இந்தப் பிளேட் ஆகுமா? 8 கிராம்கூட இல்லை, கட்டைவிரல் அளவு.

தாய்க்கோழி

பிளேட்டை மட்டும் நம்பினா ஆகாது. காடைக்கு முதல் வாரம் 37 டிகிரிக்குப் பக்கத்தில் வேணும், கோழிக்குஞ்சைவிடக் கூட. உடம்பு சின்னதா இருக்கிறதால் பிளேட்டிலிருந்து நாலடி எடுத்து வைக்கிறதுக்குள்ளேயே சூட்டை இழந்துடும். பிளேட்டை 4 செ.மீ. வரைக்கும் இறக்கணும், பல பிளேட்டின் கால் அவ்வளவு தாழாது, அப்போ அடியில் கூளத்தை மேடாக்கணும். முதல் 7 நாள் பல்போ செராமிக்கோ வெச்சுட்டு, எட்டாம் நாளிலிருந்து பிளேட்டுக்கு மாத்துறது பத்திரம். தண்ணிக் குவளையில் கூழாங்கல் போட மறக்காதீங்க, காடைக்குஞ்சு அரை அங்குலத் தண்ணியிலேயே மூழ்கிடும்.

கோத்தகிரிக்கூண்டு

சுத்தம் செய்றது, அப்புறம் எப்போ பிளேட்டை எடுக்கிறதுன்னும் சொல்லிட்டா போதும்.

வைகைக்கரை

சுத்தத்துக்கு: அஞ்சாம் நாளிலிருந்து குஞ்சு பிளேட் மேல் ஏறி உட்காரும், எச்சம் அங்கதான் விழும். மேலே மட்டும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி தினம் துடைச்சிடுங்க, அடிப்பக்கம் எதையும் ஒட்டாதீங்க. கழுவணும்னா பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பிழிஞ்ச ஈரத்துணியால் துடைக்கணும், தண்ணியில் முக்கக்கூடாது.

அதைவிட முக்கியம் பிளேட்டுக்கு அடியில் இருக்கிற கூளம். ராத்திரி முழுக்க எல்லாம் அங்கதான் படுக்குது, இருட்டு, கதகதப்பு, ஈரம் மூணும் சேர்ந்த இடம். இரத்தக்கழிச்சல் கிளம்புறது அங்கிருந்துதான். தினம் காலையில் பிளேட்டைத் தூக்கி, அந்த இடத்துக் கூளத்தை மட்டும் அள்ளி மாத்துங்க. அம்மோனியா வாடை உங்க மூக்குக்குத் தெரியுதுன்னா குஞ்சு உயரத்தில் அது ரொம்ப அதிகம்.

பின்பக்கம் எச்சம் காய்ஞ்சு அடைச்சிருக்கான்னு முதல் வாரம் தினம் பாருங்க. குளிர்ந்தாலும் வெந்தாலும் அது வரும். வெந்நீரில் நனைச்ச பஞ்சால் ஊறவெச்சு எடுங்க, இழுத்தா தோல் கிழியும். எடுத்த இடத்தில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. அதுக்குச் சற்று முன்னாடி வயித்தில் தெரியிற கறுப்புப் பொட்டு தொப்புள், அதைப் பிச்சுடாதீங்க.

பெட்டியைக் கால் வெச்ச பலகை மேல் வெச்சிருந்தா நாலு காலுக்கும் அடியில் தண்ணிக் கிண்ணம் வைங்க. சூடும் தீவன வாசமும் இருக்கிற இடத்துக்குச் செவ்வெறும்பு ஒரே ராத்திரியில் வந்துடும்.

தாய்க்கோழி

எடுக்கிற நாளைத் தேதி வெச்சு முடிவு பண்ணாதீங்க, இறகை வெச்சு முடிவு பண்ணுங்க. இறக்கை இறகு முதலில் வந்துடும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. முதுகிலும் நெஞ்சிலும் பஞ்சு போய் இறகு மூடியிருக்கணும். சமவெளியில் வெயில் காலம் இல்லாதப்போ 3, 4 வாரம், கோத்தகிரி மார்கழிக்கு 6 வாரம் வைங்க.

நாலாம் வாரத்திலிருந்து வெயில் நேரத்தில் அணைச்சு, சாயங்காலம் 5 மணிக்குப் போடுங்க. ஆறாம் வாரக் கடைசியில் ராத்திரியும் அணைச்சுப் பாருங்க, ஆனா பிளேட்டை எடுத்துடாதீங்க, அணைச்சபடி ரெண்டு ராத்திரி அங்கேயே இருக்கட்டும். பழகின கூரை அது. காலையில் எல்லாம் சுறுசுறுப்பா தீவனத்துக்கு வந்தா மூணாம் நாள் எடுத்துடலாம். எடுத்த அன்னிக்கு ராத்திரி அதே மூலையில் போய்க் குவியும். அந்த இடத்தில் தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் பெருவிரல் தடிமனில் ஒரு குச்சியைக் கட்டி விடுங்க. முதல் ராத்திரி ரெண்டு மூணு ஏறும், ஒரு வாரத்தில் முக்கால்வாசி மேலே படுத்துக்கும்.